கடன் மனு பார்த்த நான் ப்ரபோசல் எழுத வந்த கதை

சேரன்மகாதேவி பக்கம் ஒரு வங்கிக் கிளையில் 16 வருடம் கடன் பிரிவில் இருந்தேன். அம்மாவைக் கவனிக்க வேண்டி வேலையை விட்டதும், பத்தமடையில் பாய் முடையும் பெண்களோடு வேலை செய்யும் ஒரு சிறிய அறக்கட்டளை, "நிதி கேட்டு ப்ரபோசல் எழுதித் தர முடியுமாம்மா?" என்றது. மனு படித்தே பழகிய எனக்கு எழுதுவது கஷ்டமா என்று ஒப்புக்கொண்டேன்.

காகித வேலை சுலபமாகத்தான் இருந்தது. அறக்கட்டளையின் வருமான வரி விலக்குக்கு 12ஏ, நன்கொடை தருபவர்களின் வரிச் சலுகைக்கு 80ஜி, நிறுவனங்களின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு நிதி) பணம் வாங்க சிஎஸ்ஆர்-1 பதிவு, மூன்று வருடத் தணிக்கை அறிக்கை. வெளிநாட்டுப் பணம் என்றால் எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவு. அதில் 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. முன்பு 50 வரை இருந்தது. பட்ஜெட் போடும்போதே இதைப் பார்த்துவிட வேண்டும்.

சறுக்கியது வேறு இடத்தில். முதல் ப்ரபோசலில் 40 பேருக்குப் புதுத் தறி கேட்டிருந்தேன். நிதி தருபவர்கள் போனில் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "இப்போது அவர்கள் கையில் மாசம் எவ்வளவு மிஞ்சுகிறது? தறி வந்தால் எவ்வளவு கூடும்?" பதில் இல்லை. கடன் மனுவில் பணம் திரும்பி வருமா என்று பார்ப்போம். இங்கே பணம் திரும்பாது. அதற்குப் பதிலாக என்ன மாறும் என்று காட்ட வேண்டும். அந்தப் புத்தி எனக்கு அதுவரை வரவில்லை.

சரி என்று நோட்டோடு மூன்று வாரம் பத்தமடைக்கு நடந்தேன். ஒரு அக்கா தரையோடு கிடந்த தறிமேல் குனிந்து, கோரையை ஒவ்வொன்றாகக் கோத்து அடித்துக்கொண்டே சொன்னார்: "தறிக்கு ஒண்ணும் கொறையில்லம்மா. ஐப்பசி, கார்த்திகையில கோரைய எங்கன காயப்போட? அதச் சொல்லுங்க." உள்ளே கட்டிலுக்கு அடியிலிருந்து சாயம் போட்ட கோரைக் கட்டு ஒன்றை இழுத்துக் காட்டினார். பாதி பூஞ்சை பிடித்துக் கறுத்திருந்தது. வீட்டுக்கு வீடு கேட்டேன், இதே கதைதான். கோரை விலை, சாயம், வீணான கட்டு, பாய் விற்ற பணம் எல்லாவற்றையும் குறித்தேன்.

இரண்டாவது ப்ரபோசலில் தறி இல்லை. காற்றோட்டமான ஒரு பொதுக் கொட்டகை, கோரை அடுக்க மரப் பரண், அவ்வளவுதான். கேட்டதில் முக்கால்வாசி கிடைத்தது.

இந்த வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு ஒன்று: வந்த பணத்தில் சதவீதம் வாங்காதீர்கள். எழுதும் உழைப்புக்கு முன்கூட்டியே பேசிய கூலி போதும். கமிஷன் என்றால் தொகையை ஊதிப் பெருக்கத் தோன்றும், அந்தக் கணக்குக்கு அப்புறம் அந்தப் பெண்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

போன கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் கொட்டகைக்குப் போய்ப் பரணில் கை வைத்துப் பார்த்தேன். கோரை சருகாக இருந்தது. போட்டோ எடுத்து அறிக்கையில் சேர்த்தேன்.