ஸ்பிரே பூத்துக்கு முதல்ல காத்துக் கணக்கு

ஸ்கேல் மாடலுக்கு ஏர்பிரஷ்ல பெயிண்ட் அடிக்க வீட்டுலயே பூத் (பெயிண்ட் புகையை இழுத்து வெளிய தள்ளற பெட்டி) செய்யறவங்க பெரும்பாலும் பெட்டியைத்தான் முதல்ல அளக்கறாங்க. அளக்க வேண்டியது காத்தைங்க.

பூத்தோட திறந்த வாய் 2 அடி அகலம், 1.5 அடி உயரம்னா 3 சதுர அடி. காத்து நிமிஷத்துக்கு 100 அடி வேகத்துல உள்ள போகணும், ஆக 300 சிஎஃப்எம், அதாவது நிமிஷத்துக்கு 300 கன அடி காத்து. ஃபில்டரும் பைப்பும் இழுவையைக் குறைக்கும், அதனால 500-க்கு மேல இழுக்கற ஃபேனா பாத்து வாங்குங்க. சமையக்கட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் ஃபில்டரை வெச்சதும் திணறிரும். சென்ட்ரிஃபியூகல் பிளோயர்தான் (காத்தைப் பக்கவாட்டுல வீசித் தள்ளற உருளை ஃபேன்) தாங்கும். கார்பன் பிரஷ் மோட்டார் வேண்டவே வேண்டாம். பொறி பறந்தா, பெயிண்ட்டைக் கரைக்கற லாக்கர் தின்னரோட ஆவி பத்திக்கும். இண்டக்‌ஷன் மோட்டாரா, காத்துப் பாதைக்கு வெளிய இருக்கணும்.

பெட்டிக்கு 6 மி.மீ. பிளைவுட் போதும். பைப் 6 இஞ்ச், நீளம் 5 அடிக்குள்ள, வளைவு ஒண்ணே ஒண்ணு. மூட்டுக்கு அலுமினிய டேப்.

நம்ம கொங்குப் பக்கம் ஆனி ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மேக்க இருந்து அடிக்கும். பைப் வாய் மேக்க பாத்திருந்தா புகை பூராவும் திரும்பி மூஞ்சிக்கே வரும். கிழக்கு ஜன்னல்ல விடுங்க.

திருப்பூர்னா பஞ்சுத் தூசி வேற. ஓடற பூத் அறையில இருக்கற தூசியையும் சேத்து இழுக்கும். அடிச்ச மாடலை அங்கயே காய விடாம மூடி போட்ட டப்பாவுக்கு மாத்திருங்க.

தின்னர் எதையும் திறக்கறதுக்கு முன்னாடி, பூத்தை ஓட விட்டு அதோட வாய்கிட்ட ஊதுபத்தியைக் காட்டிப் பாருங்க. புகை நாலு மூலையிலயும் நேரா உள்ள போகணும். ஃபில்டர் பெயிண்ட் துகளைத்தான் பிடிக்கும், தின்னர் ஆவியைப் பிடிக்காது. ஆவிக்கான கரி கேட்ரிட்ஜ் மாஸ்க் கட்டாயம் போடுங்க.