மொட்டமாடியில பிளேன் பிடிச்ச கதை

எங்க வீடு மதுரை பக்கம் நாகமலை புதுக்கோட்டை, ஏர்போர்ட் தெக்க ஒரு பன்னெண்டு கிலோமீட்டர் இருக்கும். சாயங்காலம் மாடியில உக்காந்தா சென்னை பிளேன் எறங்குறது தெரியும், அதுக்கு மேல ரொம்ப ஒசரத்துல கோடு போட்டுட்டு சிலது போகும். அப்பா தினமும் கேப்பாரு, "இது எங்கடா போகுது?" நானும் வாய்க்கு வந்தத சொல்லிட்டு இருந்தேன், துபாய், சிங்கப்பூர்னு. ஒருநாள் "ஒனக்கு எப்படிடா தெரியும்?"னு திருப்பி கேட்டுட்டாரு. அதுல ஆரம்பிச்சது தான் இதெல்லாம்.

விஷயம் சிம்பிள் தான். இப்போ பறக்குற பெரிய விமானம் ஏறக்குறைய எல்லாமே தன்னோட எடம், ஒசரம், வேகம், பேரு எல்லாத்தையும் 1090 மெகாஹெர்ட்ஸ்ல தானே கத்திக்கிட்டே போகுது, எடத்த மட்டும் செகண்டுக்கு ரெண்டு தடவ சொல்லும். பூட்டு கீட்டு எதுவும் கெடையாது, கேக்க ஒரு காது இருந்தா போதும். இதுக்கு பேரு ஏடிஎஸ்-பி. அந்த காது தான் டிவி பாக்குறதுக்குன்னு செஞ்ச ஒரு யூஎஸ்பி டாங்கிள், ஆர்டிஎல்-எஸ்டிஆர்னு சொல்வாங்க. கேட்டத புரிஞ்சுக்க ஒரு குட்டி கம்ப்யூட்டர். என்கிட்ட பழைய ராஸ்பெர்ரி பை 3 ஒண்ணு டிராயர்ல தூங்கிட்டு இருந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமைல முடிஞ்சிரும்னு நெனச்சேன், ஒன்றரை மாசம் ஆச்சு.

ஆன்லைன்ல இருக்கறதுலயே வெல கம்மியான டாங்கிள வாங்குனேன், தப்பு அங்கயே ஆரம்பிச்சிருச்சு. மெமரி கார்டுல சிஸ்டம் ஏத்தி, பிளேன் சொல்றத பிரிச்சுப் படிக்க ரீட்எஸ்பி போட்டு, மேப் காட்ட டார்1090 போட்டு, எல்லாம் ஓடுது, ஆனா மேப்புல ஒரு ஈ காக்கா இல்ல. மொதல்ல டாங்கிளயே எடுக்க முடியலன்னு ஒரு எரர், மைனஸ் ஆறுன்னு. அது என்னன்னா லினக்ஸ் இத டிவி டியூனர்னு நெனச்சு அதோட டிவி டிரைவர் சாஃப்ட்வேர மாட்டி வச்சிருது, அந்த டிரைவர பிளாக்லிஸ்ட்ல, அதாவது ஏத்தக்கூடாத லிஸ்ட்ல போட்டு ரீஸ்டார்ட் பண்ணா விட்டுரும். அது அரை மணி நேர வேலை. ஆனா அதுக்கப்புறமும் பூஜ்யம்.

நாலு நாள் ஆன்டெனாவ தான் திட்டிட்டு இருந்தேன். கூட வந்த குட்டி ஆன்டெனாவ ஜன்னல்ல வச்சேன், கிரில்ல வச்சேன், அம்மா இட்லிச் சட்டி மூடிய கவுத்து அதுக்கு மேல நிக்க வச்சேன், அடியில மெட்டல் தட்டு இருந்தா நல்லதுன்னு படிச்சிருந்தேன், அம்மா மூடிய தேடுனப்போ வாங்கிக் கட்டிக்கிட்டது தனி. கடைசியா ஃப்ரெண்டுக்கு போன் போட்டேன். அவன் ஒரே கேள்வி தான் கேட்டான், "மாப்ள, உள்ள என்ன டியூனர் சிப்புனு பாத்தியா?" ஆர்டிஎல் டெஸ்ட்னு ஒரு கமாண்ட் இருக்கு, அத அடிச்சா ஒரு வரி வந்துச்சு, ஃபிட்டிபவர் எஃப்சி0012. அவன் சிரிச்சுட்டான். அந்த சிப் 948 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் தான் கேக்கும். நான் தேடுறது 1090. செவிட்டு காதுகிட்ட நாலு நாளா ரகசியம் பேசிட்டு இருந்திருக்கேன்!

கடையோட படத்துல ஆர்820டி2ன்னு தான் போட்டிருந்துச்சு, அந்த சிப் 1766 வரைக்கும் எடுக்கும், அது தான் வேணும். திருப்பி அனுப்புறேன்னா டப்பா பிரிச்சாச்சுன்னு ஒத்துக்கல. சரி, போய்த் தொலையுதுன்னு ரெண்டாவது டாங்கிள் வாங்குனேன், இந்த தடவ கொஞ்சம் நல்லதா. சொருகி மேப்ப தொறந்தா, ரெண்டு நிமிஷத்துல ஊதா கலர்ல ஒரு குட்டி பிளேன், 36,000 அடி, தென்கிழக்க பாத்து போகுது. ஓடிப் போய் மாடியில பாத்தேன், மேகம். ஒண்ணும் தெரியல. ஆனாலும் அந்த சந்தோஷம் இருக்கே.

அப்புறம் அடுத்த தலவலி. பத்து நிமிஷம் ஓடும், டாங்கிள் காணாமப் போயிரும், ரீஸ்டார்ட் பண்ணா திரும்ப பத்து நிமிஷம். ராஸ்பெர்ரி பைய டிவியில மாட்டி பாத்தப்போ ஸ்கிரீனோட வலது மூலையில மஞ்சள் கலர்ல ஒரு மின்னல் படம் வந்து வந்து போச்சு. நான் அழகுக்கு போட்டிருக்காங்கன்னு நெனச்சேன், உண்மையா. அது வோல்டேஜ் பத்தலன்னு அர்த்தமாம். நான் மாட்டியிருந்தது பழைய போன் சார்ஜர். பை 3க்கு 5.1 வோல்ட், 2.5 ஆம்ப் வேணும், வயரும் தடியா இருக்கணும். டவுன்ஹால் ரோட்டுல ஒரு அடாப்டர் வாங்கி மாட்டுனேன், மின்னலும் போச்சு, பிரச்சினையும் போச்சு. கம்ப்யூட்டர் வேலைனு நெனச்சது பாதி எலெக்ட்ரீஷியன் வேலை தான்.

ஆன்டெனாவ நானே செஞ்சேன், அதுதான் இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச வேலை. 1090ல ஒரு அலையோட நீளம் 27.5 சென்டிமீட்டர், அதுல கால்வாசி 6.9. வீட்டு வயரிங்ல மிச்சமான தடி காப்பர் கம்பிய உரிச்சு, 6.9 சென்டிமீட்டர்ல நடுவுல ஒண்ணு நேரா, கீழ நாலு கம்பி சிலந்தி கால் மாதிரி நாப்பத்தஞ்சு டிகிரி கீழ வளைச்சு, ஒரு கனெக்டர்ல சால்டர் வச்சேன். அப்பா ஸ்கேல் பிடிச்சாரு, நான் வெட்டுனேன். மொத கம்பி 6.5 ஆயிருச்சு, "அளந்து தானடா சொன்னேன்"னு அவரு, "நகத்தையும் சேத்து அளந்தீங்க"ன்னு நான்.

கேபிளுக்கு பழைய டிஷ் வயர் பதினஞ்சு மீட்டர் இருந்துச்சு. மாடியில ஆன்டெனா, ஹால்ல பைன்னு இழுத்தேன், மேப்புல பிளேன் எண்ணிக்கை பெருசா ஏறல. இவ்வளவு மேல ஃப்ரீக்வென்சில அந்த நீளத்துக்கு வர்ற சிக்னல்ல பாதி வயருக்குள்ளயே கரைஞ்சிரும். அதனால வயர சுருக்கி பைய மேல கொண்டு போனேன், ஒரு ஐஸ்கிரீம் டப்பாக்குள்ள வச்சு தண்ணி டேங்க் பக்கத்துல. மே மாசம். மதுரையில. மத்தியானம் ரெண்டு மணிக்கு பாத்தா சிப் சூடு 82 டிகிரி, பை 80ல இருந்தே தானா வேகத்த கொறைச்சுக்கும், டப்பா மூடியே நெளிஞ்சு போயிருந்துச்சு. இப்ப அது மாடிப்படி ரூமுக்குள்ள நிழல்ல இருக்கு, வயரு நாலு மீட்டர் தான்.

இன்னொண்ணு, கெயின், அதாவது வர்ற சிக்னல டாங்கிள் எவ்வளவு பெருசாக்கணும்ங்கிற செட்டிங். மேக்சிமம் 49.6 வச்சா தான் நெறைய வரும்னு நெனச்சேன், ஆனா எங்க தெருமுனையில ஒரு செல்போன் டவர் இருக்கு, அது கத்துற கத்துல டாங்கிள் தெணறுது. 40க்கு கீழ எறக்குனதும் பிளேன் கூடுச்சு. தலகீழா இருக்கேன்னு தோணும், ஆனா அப்படித்தான்.

இப்போ ராத்திரி ரெண்டு மூணு மணிக்கு தான் கூட்டம், வளைகுடா பக்கம் இருந்து சிங்கப்பூர் போறது, அங்க இருந்து வர்றதுன்னு. ஒவ்வொரு விமானத்துக்கும் ஆறு எழுத்துல ஒரு நம்பர் இருக்கு, 800ன்னு ஆரம்பிச்சா நம்ம ஊரு, 896 யூஏஇ, 768 சிங்கப்பூர், 770 இலங்கை. அப்பாவுக்கு இப்போ இது மனப்பாடம். போன்ல மேப்ப வச்சுக்கிட்டு மாடியில நின்னு, "அந்தா வருது பாரு, 3,000 அடி, எறங்குறான்"னு எனக்கே சொல்றாரு.

கணக்குப்படி 35,000 அடில போறது நானூறு கிலோமீட்டர் தாண்டியும் கேக்கணும். தெக்கயும் கெழக்கயும் கடல் மேல போறது வரைக்கும் நல்லாவே வருது. ஆனா வடமேற்குல எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர்ல எல்லாம் பட்டுனு மறையுது, யாரோ கத்தியால வெட்டுன மாதிரி. ஒரு வாரம் செட்டிங்க தோண்டுனேன். அப்புறம் ஒரு நாள் காலையில பல்லு விளக்கிட்டு மாடியில நிக்கிறேன், எதுக்க நாகமலை, பாம்பு மாதிரி நீளமா படுத்துக் கெடக்கு. இந்த சிக்னல் நேர்கோட்டுல தான் வரும், மல மேல ஏறி எறங்காது. தெனமும் பாக்குற மலைய மறந்துட்டேன்.

மலைக்கு அந்தாண்ட சமயநல்லூர்ல அத்தை வீடு இருக்கு, அங்க இன்னொண்ணு வச்சா அந்த பக்கமும் தெரிஞ்சிரும். கேட்டேன். "கரண்ட் பில்லு எவ்ளோடா வரும்?"னாங்க. மொத்தமா அஞ்சு வாட்டு தான் அத்தை, மாசத்துக்கு நாலு யூனிட் கூட வராதுன்னு சொல்லியிருக்கேன். அடுத்த ஞாயித்துக்கிழமை அப்பாவும் வர்றாராம், ஸ்கேலோட.