எக்ஸ்ரே ஊழியர் ரத்தத்தில் நுண்கரு தேடியபோது

முதுநிலைப் படிப்பின் கடைசிப் பருவத்தில் நான் எடுத்துக்கொண்ட ஆய்வு இது: எக்ஸ்ரே, கேத் லேப் (எக்ஸ்ரே பார்த்தபடியே இதய ரத்தக்குழாய்க்குச் சிகிச்சை செய்யும் அறை) ஊழியர்களின் ரத்த அணுக்களில் கதிர்வீச்சின் தடயம் தெரிகிறதா? இதே சோதனையில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

ரத்தத்தில் கதிர்வீச்சை முதலில் தாங்கமுடியாமல் சாவது லிம்போசைட் என்ற வெள்ளை அணு. பெரிய அளவில் பட்டால் ஒன்றிரண்டு நாளிலேயே அதன் எண்ணிக்கை சரிந்துவிடும். 1986இல் செர்னோபிலில் யார் மேல் எவ்வளவு பட்டது என்று மருத்துவர்கள் கணித்ததற்கு இந்தச் சரிவும் குரோமோசோம் சிதைவும் பெரிய துணை. ஆஸ்பத்திரி ஊழியர் நிலை வேறு. இந்தியாவில் அவர்களுக்கு ஐந்தாண்டுச் சராசரியாக வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட்தான் (உடம்பில் படும் கதிர்வீச்சின் அலகு) வரம்பு, பலர் அதன் பக்கத்தில்கூட வருவதில்லை. சாதாரண ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. அதனால்தான் நுண்கருச் சோதனை. செல் பிரியும்போது உடைந்த குரோமோசோம் துண்டு எந்த உட்கருவிலும் சேராமல் நின்றுபோனால், பக்கத்திலேயே ஒரு குட்டி உட்கருவாகத் தெரியும்.

நெறிமுறைக் குழு அனுமதி தாமதமாக வந்தது, வந்துவிட்டது. அப்புறம் ரத்தக் குழாய். எடுக்கிற இடத்தில் பழக்கத்தில் ஊதா மூடிக் குழாயைத்தான் நீட்டுவார்கள். அதில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்த்திருக்கும் ஈடிடிஏ கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், செல் ஒழுங்காக வளராது. ஹெப்பாரின் என்ற வேறு உறைதடுப்பான் போட்ட பச்சை மூடிதான் வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

உடம்பில் சுற்றும் லிம்போசைட் பிரியாமல் சும்மா கிடக்கும். ராஜ்மா வகை அவரையிலிருந்து எடுக்கும் பிஎச்ஏ என்ற புரதத்தைச் சேர்த்து 37 டிகிரியில் வைத்தால்தான் அது பிரியத் தொடங்கும். 44ஆம் மணியில் சைட்டோகலாசின்-பி என்ற மருந்து. இது சேர்ந்தால் உட்கரு இரண்டாகும், செல் மட்டும் பிரியாது. 72ஆம் மணியில் அறுவடை. திங்கள் மதியம் 12 மணிக்குத் தொடங்கினால் புதன் காலை 8 மணிக்கு மருந்து, வியாழன் மதியம் அறுவடை. ராத்திரி யாரும் லேபில் தங்க வேண்டாம்.

ஒருவருக்கு 1000 இரட்டை உட்கரு செல்களைப் பார்க்க வேண்டும். நுண்கரு என்றால் வட்டமாக, பெரிய உட்கருவின் விட்டத்தில் பதினாறில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை, அதே நிறத்தில், அதோடு ஒட்டாமல் இருக்க வேண்டும். செல்லுக்கு நிறமேற்றும் ஜீம்சா சாயத்தின் துகளும் அப்படியே ஏமாற்றும். ஃபோகஸைக் கொஞ்சம் திருப்பினால் துகள் பளிச்சென்று மின்னும், நுண்கரு மின்னாது. சிலைடு யாருடையது என்று எண்ணுகிறவருக்குத் தெரியக்கூடாது, அதனால் தோழி ஒருத்தி குறியெண் ஒட்டித் தந்தாள்.

இதையெல்லாம் விடக் கஷ்டம், புகைப்பழக்கம் பற்றிக் கேட்கும் கேள்விப்படிவம். புகையிலைப் புகையில் பென்சீன் உண்டு, பொலோனியம்-210 என்ற கதிரியக்கப் பொருளும் உண்டு. புகைப்பவர்களுக்கு வெள்ளை அணு எண்ணிக்கையே கூடுதலாக இருக்கும். யார் புகைக்கிறார் என்று தெரியாமல் எண்ணினால், பீடி செய்ததை எக்ஸ்ரே தலையில் கட்டிவிடுவோம். வயது ஏற ஏற நுண்கரு கூடும், பெண்களுக்கு இயல்பிலேயே கொஞ்சம் அதிகம். ஆக, ஒப்பிடுகிறவர்களை அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆனால் துறைத் தலைவர் அறையில் உட்கார்ந்து யார்தான் உண்மையை எழுதுவார்கள்? மூத்த டெக்னீஷியன் ஒருவர் டீக்கடையில் வைத்துச் சொன்னார்: “தம்பி, அந்தப் பேப்பர்ல ‘இல்ல’ன்னு போட்டுட்டேன். தினம் ஒரு கட்டு பீடி ஆகுது.” அதற்கப்புறம் எல்லோரிடமும் தனியாகவே கேட்டேன், பலருடைய பதில் மாறியது.

குறியெண்ணை அவிழ்த்துப் பார்த்தபோது, அதிகம் புகைப்பவர்களிடம் நுண்கரு கூடுதலாகத் தெரிந்தது, அவர் எக்ஸ்ரே அறையில் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும். புகைக்காத ஊழியர்களுக்கும் புகைக்காத மற்றவர்களுக்கும் இடையே, இதுதான் என்று சொல்லும்படி வித்தியாசமில்லை. சின்னக் குழு, இதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமையில்லை. பல நாட்டு ஆய்வகங்களின் தரவைச் சேர்த்துப் பார்த்தவர்களுக்கும் தினம் 30 சிகரெட்டுக்கு மேல் போகிறவர்களிடம்தான் இந்த ஏற்றம் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. அதற்காகக் குறைவாகப் புகைப்பது பாதுகாப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. இந்தச் சோதனையின் கண்ணில் படுவது கொஞ்சம்தான்.

டீக்கடையில் பேசிய அந்த டெக்னீஷியன் அண்ணன் வந்து கேட்டார்: “அப்போ எனக்குக் கேன்சர் வருமா? எக்ஸ்ரேயால வருமா, பீடியால வருமா?” ஒருவருடைய சிலைடை வைத்து அதைச் சொல்ல முடியாது அண்ணே என்றேன். மார்பில் அவர் மாட்டும், பட்ட கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜின் பழைய அறிக்கைகளைக் கொண்டுவரச் சொல்லி இருவரும் பார்த்தோம். எல்லாமே வரம்புக்கு வெகு கீழே. பீடி அப்படியில்லை, அது நுரையீரலையும் வாயையும் கெடுப்பதற்கு ஆதாரம் மலைபோல் இருக்கிறது என்று நேராகவே சொன்னேன். விட முடியவில்லையே தம்பி என்றார். கட்டின் மேலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற, புகையிலையை விட உதவும் இலவச எண்ணைக் காட்டினேன். இத்தனை வருஷமாக அதைக் கவனித்ததில்லை என்று சொல்லி, தன் போனில் பதிந்துகொண்டார்.