14 மில்லிமீட்டர்

மே 7
வலது ஈரல், ஆறாம் கூறு, 14 மில்லிமீட்டர். சுற்றிலும் கரடுமுரடான சிரோசிஸ் (தழும்பேறிச் சுருங்கிய) ஈரல், அதற்குள் கொஞ்சம் இருட்டாக ஒரு வட்டம். ஸ்கேன் காட்டியது அவ்வளவுதான். ஏஎஃப்பி, ஈரல் புற்றில் ஏறக்கூடிய இரத்தப் புரதம், 11.

11 என்றால் ஆறுதல் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஈரல் புற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு ஏஎஃப்பி ஏறுவதேயில்லை, சின்னக் கட்டியென்றால் இன்னும் மோசம். 400-ஐத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும். குறைவாக இருந்தால் அது ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம். 10 மி.மீ.-க்குக் கீழே என்றால் மூன்று மாதத்தில் திரும்ப ஸ்கேன். 10-ஐத் தொட்டால் மூன்று கட்ட சிடி (படத்தில் வெளுத்துக் காட்டும் மருந்தை ஏற்றி மூன்று நேரங்களில் எடுப்பது), தாமதம் கூடாது. இது 14.

மே 9
அந்தச் சிடிக்குக் கண்டிக்கு எழுதியாயிற்று. சிறுநீரகம் எப்படி என்று காட்டும் கிரியேட்டினின் நோர்மல். திகதி இல்லை.

மே 12
கட்டில் 9. காய்ச்சல் இல்லை, வயிற்றுநோவு இல்லை. நேற்றிலிருந்து பேச்சில் மட்டும் ஒரு தடுமாற்றம். வயிற்றில் நீரோடு வாட்டுக்கு வருகிற எல்லோருக்கும் அன்றைக்கே ஊசி போட்டு நீரைப் பார்ப்பது இதற்காகத்தான். குறி தெரியும்வரை காத்திருந்தால் சிறுநீரகம் போய்விடும்.

இடப்பக்கம். இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து மூன்று சென்ரிமீட்டர் மேலே, மூன்று உள்ளே. தோலைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு குத்த வேண்டும். ஊசியை எடுத்ததும் தோல் தன் இடத்துக்குப் போய்த் துளையை மறைத்துவிடும். நேராகக் குத்தினால் இரண்டு நாளைக்கு நீர் கசிந்து படுக்கை நனையும். இரத்தம் உறையும் அளவான ஐஎன்ஆர் 1.9 என்று பிளாஸ்மா தேடி ஓடத் தேவையில்லை. கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் போத்தலில் கட்டிலடியிலேயே 10 மில்லி விட வேண்டும். வெறும் டியூபில் அனுப்பினால் கிருமி பெரும்பாலும் முளைக்காது. செல் எண்ணுவதற்கு ஈடிடிஏ டியூப், அதுவும் உடனே. மேசையில் கிடந்தால் செல்கள் உடைந்து கணக்குக் குறையும்.

செல் மொத்தம் 600, அதில் கிருமியோடு போராடும் நியூட்ரோஃபில் 70 சதவீதம். 420. எல்லை 250, தாண்டினால் நீரில் கிருமி. கல்ச்சருக்குக் காத்திராமல் கிருமிக்கொல்லி, செஃபோடாக்சிம் 2 கிராம், எட்டு மணிக்கு ஒரு தடவை. இரத்தப் புரதமான அல்புமினை மறந்தால் பாதி வைத்தியம்தான்: முதல் நாள் கிலோவுக்கு 1.5 கிராம், மூன்றாம் நாள் 1 கிராம். 52 கிலோ, ஆக 78 கிராம். 20 சதவீத 100 மில்லி போத்தல் ஒன்றில் 20 கிராம், அப்படியானால் நான்கு. ஸ்டோரில் மூன்று.

மே 13
நான்காவது போத்தல் பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது.

மே 20
14 மி.மீ.காரரின் மகன் கடன் வாங்கி வெளியில் ஒரு இடத்தில் சிடி எடுத்து வந்திருக்கிறான். படத் தட்டைப் போட்டுப் பார்த்தால் ஒரே ஒரு கட்டம், போர்ட்டல் மட்டும். ரிப்போர்ட்டில் “சந்தேகத்துக்குரிய கட்டி ஏதும் தென்படவில்லை”.

தென்படாது. ஈரலுக்கு வரும் இரத்தத்தில் பெரும்பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் நாளத்தில் வருவது. புற்றுக்கட்டி குடிப்பதோ தமனி இரத்தத்தை. மருந்து ஏற்றிய 35-40 விநாடியில் கட்டி வெளுத்து நிற்கும், ஈரல் இன்னும் சாம்பல். 70 விநாடிக்குப் பிறகு ஈரலும் வெளுத்துவிடும், கட்டி அதற்குள் ஒளிந்துகொள்ளும். அந்த ஒளிகிற நேரத்தில் மட்டும் ஒரு படம் எடுத்துவிட்டு ஒன்றுமில்லை என்று எழுதினால் என்ன செய்வது? பையனிடம் “தம்பி, இது போதாது” என்று சொல்ல வேண்டியிருந்தது. அவன் கேட்டது ஒன்றுதான்: “காசு குடுத்தும் போதாதா டொக்டர்?”

மே 21
வட்டவளையில் மழை. கினிகத்தேனையில் ரோட்டில் மண்.

ஜூன் 2
கட்டில் 9 வீட்டுக்குப் போய்த் திரும்பவும் குழப்பத்தோடு வந்திருக்கிறார். கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு விழுந்து விழுந்து எழுகிறது. கிருமி இல்லை, இரத்தக் கசிவு இல்லை, பொட்டாசியம் சரி. ஈரல் குழப்பத்துக்குக் கொடுக்கும் மலமிளக்கி லாக்டுலோஸ், போத்தல் நிறைய இருக்கிறது.

கொப்பியில் “30 மில்லி, நாளைக்கு மூன்று தடவை” என்று எழுதுவது சுலபம். தேயிலைத் தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) பல குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ். மலையில் கொழுந்து எடுக்கிற பெண்ணுக்கு அதுவும் கிடையாது. குடிக்காமல் விட்டுவிடுகிறார்கள், வாய்விட்டுச் சொல்வதுமில்லை. மில்லிக் கணக்கை விட்டுவிட்டு மலக் கணக்குச் சொல்வதே மேல்: இளகலாக நாளைக்கு இரண்டு அல்லது மூன்று. ஒன்றென்றால் கூட்டு, நாலென்றால் குறை. வயிற்றோட்டமாகப் போனால் நீரும் உப்பும் இறங்கி அதிலேயே குழப்பம் வரும். வேலைக்குப் போகிறவர்களுக்குப் பெரிய வேளை மாலையில்.

புரதத்தை நிறுத்தச் சொல்லி யாரோ அனுப்பியிருக்கிறார்கள். இன்னுமா? கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வேண்டும். பருப்பு, முட்டை, கடலை. ராத்திரி படுக்கப் போகுமுன் ஏதாவது ஒரு சாப்பாடு. சிரோசிஸ்காரருக்கு ஒரு ராத்திரிப் பட்டினியே தசையைத் தின்றுவிடும். குறைக்க வேண்டியது கருவாடும் ஊறுகாயும். ரொட்டி மாவிலும் உப்பு, சம்பலிலும் உப்பு என்று இரண்டு பக்கமும் போவதைக் கேட்டால்தான் தெரியவரும். நாள் முழுதுக்கும் ஒரு தேக்கரண்டி, 5 கிராம்.

ஜூன் 9
14 மி.மீ.காரர். பிலிருபின் 41, அல்புமின் 31, ஐஎன்ஆர் 1.4, வயிற்றில் கொஞ்சம் நீர், குழப்பம் இல்லை. ஈரல் எவ்வளவு கெட்டது என்று அளக்கும் சைல்ட் கணக்கில் இவற்றுக்கு 2, 2, 1, 2, 1 புள்ளி. எட்டு. சைல்ட் பி.

கட்டி எத்தனை மில்லிமீட்டர் என்றே எல்லோரும் கேட்கிறார்கள். என்ன வைத்தியம் தாங்கும் என்பதை முடிவு செய்வது இந்த எட்டு. பத்தைத் தொட்டால், மாற்று ஈரல் கிடைக்காதவருக்கு, சின்னக் கட்டியை ஊசியால் சுட்டும் பயனில்லை, ஈரலே முந்திக்கொள்ளும். சாராயத்தை விட்டிருக்கிறார். நீரிறக்கும் மாத்திரைகள்: ஸ்பைரோனோலாக்டோன் 100, ஃபுரோசமைட் 40. கால் வீக்கம் இல்லை, அதனால் நாளைக்கு அரைக் கிலோவுக்கு மேல் எடை இறங்கக் கூடாது.

ஜூன் 18
ஜூலை 3. திகதி வந்துவிட்டது!

ஜூன் 24
செங்கமாரியோடு ஒரு தங்கச்சி, வயது 26. கீழாநெல்லி மட்டும்தான் என்றாள் அம்மா. பையைத் திறந்தால் பெயர் தெரியாத வேர்கள், ஒரு கசாயப் பொடி. கீழாநெல்லியோடு எனக்குச் சண்டையில்லை. பெயர் தெரியாத பொடியோடுதான் சண்டை. கிலுகிலுப்பை இனச் செடிகளில் உள்ள நஞ்சு ஈரலின் நுண்நாளங்களை அடைத்துவிடும், வயிறு நீர்கட்டி வரும். அந்தப் பையையும் வாட்டிலேயே வைக்கச் சொன்னேன்.

பனடோல் (பராசிட்டமோல்) பயம் வேறு. சிரோசிஸ்காரருக்கு நோவுக்கு நாளைக்கு நான்கு, அதாவது 2 கிராம் வரை பனடோல் போதுமான பாதுகாப்பு. கடையில் டொக்டர் துண்டில்லாமல் வாங்கும் நோவு மாத்திரை டைக்குளோஃபெனாக்தான் சிறுநீரகத்தைக் கவிழ்க்கும். மக்கள் பயப்படுவது பனடோலுக்கு.

ஜூலை 3
சிடிக்குப் போயிருக்கிறார்கள். முழங்கை மடிப்பில் பெரிய கனியூலா போட்டே அனுப்பியது. புறங்கை நாளத்தில் விநாடிக்கு 4 மில்லி தள்ள முடியாது, மெதுவாகத் தள்ளினால் தமனிக் கட்டம் கெட்டுப்போகும்.

ஜூலை 8
படம் வந்தது.

முதலில் நேரம் சரியா என்று பார்த்தேன். ஈரல் தமனி பளிச்சென்று, போர்ட்டலில் மருந்து இப்போதுதான் நுழைகிறது, ஈரல் சிரைகளில் இல்லை. சரியான தமனிக் கட்டம். ஆறாம் கூறு: வெள்ளை வட்டம், முழுவதும். 16 மி.மீ. போர்ட்டல் கட்டத்தில் ஈரலோடு ஈரலாக ஒன்றும் தெரியவில்லை. புற்றுச் சந்தேகத்தை ஒன்று முதல் ஐந்து வரை வகைப்படுத்துவதில், இங்கேயே நிறுத்தியிருந்தால் மூன்றாம் வகை, “பார்க்கலாம்”. மூன்றாம் நிமிடப் படம்: சுற்றுப்புறத்தை விட இருண்டு ஒரு வட்டம். மருந்து கழுவிப்போய்விட்டது.

ஐந்தாம் வகை. புற்று.

ஜூலை 10
பயொப்சி வேண்டாமா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். சிரோசிஸ் ஈரலில் இந்த இரண்டு குறியும் (முதலில் வெளுப்பு, பிறகு இருள்) சேர்ந்தால் வேண்டாம். நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு ஊசி போன வழியில் புற்று விதைந்துவிடும். சிரோசிஸ் இல்லாத, ஹெபடைட்டிஸ் பி வைரஸும் இல்லாத ஈரல் என்றால் கதை வேறு, அங்கே இந்தப் படத்தை நம்ப முடியாது, ஊசி வேண்டும்.

ஜூலை 16
வெட்டுவது முடியாது: உணவுக்குழாயில் வீங்கிய நாளங்கள், பிளேட்லெட் 78,000. மாற்று ஈரலுக்கு 1996-இல் மிலானில் வகுத்த அளவுக்குள் (ஒன்றென்றால் 5 செ.மீ., மூன்று வரை என்றால் ஒவ்வொன்றும் 3 செ.மீ.) வருகிறார், ஆனால் கொடுக்க ஆளில்லை. தமனி வழியாக மருந்தேற்றி அடைப்பது பல கட்டிகளுக்கு உரியது. ஒன்று, 2 செ.மீ.-க்குள் என்றால் ஊசியால் சுடுவதே.

இடம்தான் யோசனை. பக்கத்தில் பெரிய நாளம் இருந்தால் ஓடும் இரத்தம் சூட்டைக் கொண்டுபோய்விடும், ஓரத்தில் கட்டி மிஞ்சும். இங்கே நாளம் இல்லை, குடல் இருக்கிறது, ஒட்டினாற்போல். இடையில் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் விட்டுக் குடலைத் தள்ளலாம். சேலைன் கூடாது, அது மின்சாரத்தைக் கடத்தும். கட்டியைத் தாண்டிச் சுற்றிலும் குறைந்தது 5 மி.மீ. வேக வேண்டும்.

ஜூலை 22
பிலிருபின் 32, அல்புமின் 33. நீர் ஸ்கேனில் இல்லை. மாத்திரையில் அடங்கிய நீருக்கும் இரண்டு புள்ளிதான், பூச்சியமாக்கிச் சந்தோஷப்பட முடியாது. ஏழு. இன்னும் பி. ஆனால் சுடுவதற்குப் போதும்.

ஜூலை 23
“இது பரவுற வியாதியாங்க ஐயா, லயத்துல ஒரே சட்டிதான்” என்றார் மனைவி. இல்லையம்மா.

ஜூலை 30
பெரஹர ஊர்வல நாட்களில் கண்டிக்குள் வாகனம் நகராது. அதைத் தாண்டித் திகதி கேட்டிருக்கிறோம்.

ஆகஸ்ட் 6
பிளேட்லெட் 47,000. கட்டியைச் சுடக் குறைந்தது 50,000 கேட்கிறார்கள். கொத்தாக ஒட்டிக்கொண்டால் மெஷின் குறைத்துக் காட்டும். சிட்ரேட் டியூபில் எடுத்து, ஸ்லைடிலும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். நாளைக் காலை ஏழரைக்கு இரத்தம்.