வசனமில்லாத படத்துக்கு அம்மா எழுதிய வசனம்

அமெரிக்காவில் 'லிமிடெட் ரிலீஸ்' என்று ஒரு சமாச்சாரம் உண்டு. முதலில் நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் மாதிரி ஊர்களில் நாலைந்து தியேட்டரில் மட்டும் படத்தைப் போடுவார்கள். விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினால் மெல்ல மற்ற ஊர்களுக்கும் வரும். அப்போதும் மாலுக்குள் இருக்கும் பெரிய தியேட்டருக்கு வராது. ஊருக்குள் ஏதாவது பழைய கட்டடத்தில் இரண்டே ஸ்கிரீனோடு, கால் நீட்ட முடியாத சீட்டுகளோடு ஒரு தியேட்டர் இருக்குமே, அங்கேதான் வரும். காபி நன்றாக இருக்கும். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ரிட்டயர் ஆனவர்கள்.

'தி ட்ரிப்லெட்ஸ் ஆஃப் பெல்வில்' என்ற பிரெஞ்சு கார்ட்டூன் படம் அப்படித்தான் 2003 நவம்பர் கடைசியில் அமெரிக்காவுக்கு வந்தது. இயக்கியவர் சில்வான் ஷொமே. அதே வருஷம் கான் விழாவில் போட்டிக்கு வெளியே காட்டி நல்ல பெயர் வாங்கிய படம். நியூ ஜெர்சியில் எங்கள் பக்கம் வந்து சேர்ந்தபோது பொங்கல் முடிந்திருந்தது.

அம்மா விசிட்டர் விசாவில் எங்களோடு இருந்த சமயம் அது. வெளியே கால் வைக்க முடியாத குளிர். உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிற கார்களைப் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. சினிமாவுக்குக் கூப்பிட்டால், "அவனுங்க பேசுறது ஒரு எழவும் புரியாது, நீங்க போயிட்டு வாங்க" என்பார். பேப்பரில் இந்தப் படத்தைக் கண்டுபிடித்தவள் என் மனைவி.

"அத்தை, இதுல யாரும் பேசவே மாட்டாங்களாம்."

"ஊமைப் படமா?"

"இல்லத்தை, சத்தம், பாட்டு எல்லாம் இருக்கு. பேச்சுதான் கிடையாது."

"அப்போ நம்ம வீடுதான்" என்று சொல்லிவிட்டு, லேப்டாப்பும் கையுமாக இருந்த என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பயந்தே டிக்கெட் எடுக்கக் கிளம்பினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் கவுன்டரில் காது முழுக்க வளையம் மாட்டிய ஒரு பையன். வருகிறவர்களுக்கெல்லாம் மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டிருந்தான்: இங்கிலீஷ் இல்லை, சப்டைட்டில் இல்லை, பணம் திரும்பத் தர மாட்டோம். எங்களுக்கு முன்னால் நின்ற தொப்பை பெரியவர், "அப்போ எந்த பாஷையில் பேசுவார்கள்?" என்று கேட்டார். எதிலுமே இல்லை என்றான் பையன். பெரியவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "ஒரு பிரெஞ்சுக்காரன் வாயை மூடிக்கொண்டிருக்கிறான் என்றால் அதற்கு நான் தாராளமாகக் காசு கொடுப்பேன். ரெண்டு சீனியர் டிக்கெட்."

அந்தக் காலத்தை மறந்துவிடாதீர்கள். இராக் போருக்கு பிரான்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்ற கோபத்தில், 2003 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்ற கேன்டீனிலேயே 'பிரெஞ்ச் ஃப்ரைஸ்' பெயரை 'ஃப்ரீடம் ஃப்ரைஸ்' என்று மாற்றி வைத்திருந்தார்கள். உருளைக்கிழங்கு என்ன பாவம் செய்ததோ.

உள்ளே பாதி தியேட்டர் நிறைந்திருந்தது. எங்களுக்கு முன் வரிசையில் இரண்டு குழந்தைகளோடு ஒரு குடும்பம். கார்ட்டூன் என்ற ஒரே நம்பிக்கையில் வந்தவர்கள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. போஸ்டரின் மூலையில் பொடி எழுத்தில் 'பிஜி-13', அதாவது பதிமூன்று வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் யோசித்துக் கூட்டி வரவும் என்று போட்டிருந்ததை அவர்கள் கவனித்திருக்க நியாயமில்லை. கோடியில் ஒருவர் கோட்டைக் கழற்றினார், உள்ளே மஞ்சள் சைக்கிள் ஜெர்சி. லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் 2003 ஜூலையில்தான் ஐந்தாவது முறையாக டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஜெயித்திருந்தார். அந்தப் பட்டங்களையெல்லாம் 2012-ல் பிடுங்கிக்கொண்டது வேறு கதை. அன்றைக்கு அமெரிக்காவில் சைக்கிள் வைத்திருந்த ஒவ்வொருவரும் ஆர்ம்ஸ்ட்ராங்தான்.

எனக்கு வலது பக்கம் அம்மா, அதற்கு அப்பால் மனைவி. இடது பக்கம், பின்னல் சால்வை போர்த்திய வெள்ளைத் தலை அமெரிக்கப் பாட்டி. இந்த இட அமைப்பு முக்கியம்.

படம் 1930-களின் பழைய கார்ட்டூன் பாணியில் ஆரம்பிக்கும். மூன்று சகோதரிகள் மேடையில் பாடுகிறார்கள். நடுவில், வாழைப்பழத்தைக் கோத்துப் பாவாடையாகக் கட்டிக்கொண்டு, மேலே ஒன்றுமில்லாமல் அந்தக் கால மேடை நடனக்காரி ஜோசஃபின் பேக்கர் ஆட வருகிறார். முன் வரிசை அம்மா ஒரு கையால் ஒரு பிள்ளையின் கண்ணையும் இன்னொரு கையால் இன்னொன்றின் கண்ணையும் பொத்தினார். மடியில் இருந்த பாப்கார்ன் டப்பாவுக்குக் கை மிச்சமில்லை. அது கவிழ்ந்தது. அடுத்து பழைய ஹாலிவுட் நடன நடிகர் ஃப்ரெட் அஸ்டேர் டேப் டான்ஸ் ஆடுகிறார், அவருடைய ஷூ அவரையே கடித்துத் தின்றுவிடுகிறது. பெரியவர்கள் பக்கம் குபீரென்று சிரிப்பு. பின்னால் இருந்த காலேஜ் பிள்ளைகள் பக்கம் சத்தமே இல்லை. ஆடினவர் யார் என்று தெரிந்தால்தானே சிரிக்க!

வழக்கமான படத்தில் எங்கே சிரிக்க வேண்டும் என்பதை வசனம் சொல்லிவிடும். இங்கே அது கிடையாது, அவரவர் இஷ்டம். ஒரு மூலையில் ஒருத்தர் மட்டும் சிரிப்பார், மற்றவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, நாம் எதைத் தவறவிட்டோம் என்று திரையைத் துழாவுவார்கள்.

பிறகு மதாம் சூசா வந்தார். போர்த்துகீசியப் பாட்டி. ஒரு கால் குட்டை என்பதால் அந்தக் காலுக்கு மட்டும் கனமான அடிப்பாகம் வைத்த ஷூ. அப்பா அம்மா இல்லாத பேரனை வளர்க்கிறார். எதிலும் ஒட்டாத பையனுக்கு சைக்கிள் பிடிக்கிறது என்று கண்டுபிடித்து, அவனை டூர் டி பிரான்ஸுக்குத் தயார் செய்கிறார். அவன் சைக்கிளில் மேடு ஏற, பாட்டி மூன்று சக்கர சைக்கிளில் விசில் ஊதிக்கொண்டே பின்னால் வருகிறார். வீட்டில் ப்ரூனோ என்று ஒரு கனத்த நாய். குட்டியாக இருந்தபோது பொம்மை ரயில் வாலில் ஏறிவிட்டதால், ஜன்னலுக்கு வெளியே போகிற ஒவ்வொரு நிஜ ரயிலையும் பார்த்துக் குரைப்பதுதான் அதற்கு முழுநேர உத்தியோகம்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "மூட்டுதான்டா அந்தம்மாவுக்கு. நடையப் பாரு."

மெதுவாகப் பேசுவதாகத்தான் அவர் நினைப்பு. பாட்டி பேரனின் உடம்பை வேக்குவம் கிளீனராலும், கெண்டைக்கால் சதையை முட்டை அடிக்கிற கருவியாலும் உருவிவிடும் காட்சி வந்தது. மஞ்சள் ஜெர்சி இருக்கையில் அடித்து அடித்துச் சிரித்தார். அம்மா, "ரெண்டு கரண்டி நல்லெண்ணெய் சூடு பண்ணித் தேய்ச்சா தீர்ந்தது. இதுக்கு மிஷினா?" என்றார்.

இடது பக்கத்துப் பாட்டி என் பக்கம் சாய்ந்தார். "உன் அம்மா என்ன சொன்னார்?"

சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. தீவிரமாகத் தலையாட்டி, "ஆலிவ் எண்ணெயும் நல்லது என்று சொல்" என்றார்.

"ஆலிவ் எண்ணெயாமா?" அம்மா யோசித்தார். "சூடு பண்ணணுமான்னு கேளு."

அவ்வளவுதான். வசனமே இல்லாத படத்துக்கு நான் மொழிபெயர்ப்பாளன் ஆனேன்.

பந்தயத்தின் நடுவில், கதவு அகலத்துக்குத் தோளுள்ள கறுப்புக் கோட்டு மாஃபியாக்காரர்கள் பேரனைக் கடத்திவிடுகிறார்கள். துரத்தப் போன பாட்டியின் வண்டிக்குப் பஞ்சர். ஸ்டெப்னி இல்லை. ப்ரூனோவை வளைத்து டயராக மாட்டிவிடுகிறார்! தியேட்டர் முழுக்க "ஓ..." என்று ஒரு பதற்றக் குரல். பின்னால் ஒரு பெண், "நோ, நோ" என்றே கத்திவிட்டார். இதே படத்தில் கொஞ்ச நேரம் கழித்து ஒரு சைக்கிள் வீரனைச் சுட்டுக் கொல்கிறார்கள், அதற்கு ஒரு இருமல் சத்தம்கூட வரவில்லை. அமெரிக்காவில் படம் எடுப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். மனிதனை என்ன வேண்டுமானாலும் செய்யலாம், நாய் மேல் கை வைக்கக் கூடாது.

பேரனைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். மதாம் சூசா கடற்கரையில் ஒரு பெடல் படகை வாடகைக்கு எடுத்து, நாயை ஏற்றிக்கொண்டு, மிதித்து மிதித்தே அட்லாண்டிக்கைத் தாண்டுகிறார். புயல், மலை உயர அலை, பின்னணியில் பிரமாதமான கோரஸ். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"வாடகை மணிக்கணக்கா, நாள்கணக்கா? கேட்டுட்டு ஏறினாளா?" என்றார் அம்மா.

சால்வைப் பாட்டிக்குச் சொன்னேன். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் சீட் வரிசையே ஆடியது. முன் வரிசை அப்பா கோபமாகத் திரும்பினார். "உஷ்" என்று சொல்லத்தான் திரும்பியிருப்பார். ஆனால் வாயில் வந்தது, "என்ன சொன்னாங்க?"

கப்பல் போய்ச் சேரும் ஊர்தான் பெல்வில். பெயர் பெல்வில், பார்த்தால் அப்பட்டமான நியூயார்க். துறைமுகத்தில் நிற்கும் சுதந்திர தேவி சிலையே குண்டு. தெருவில் நடக்கிற ஒவ்வொருவரும் பெருத்த சரீரம். கையில் ஏதாவது தின்பண்டம். இந்த இடத்தில் நான் திரையை விட்டுவிட்டு அரங்கத்தைத்தான் பார்த்தேன். சிரிப்பு இல்லை. பக்கவாட்டு வரிசையில் கவுன்டர் பெரியவர். மடியில் வாளி அளவு பாப்கார்ன், சீட் கைப்பிடியில் குடம் அளவு சோடா. ஒரு பிடி பாப்கார்ன் பாதி வழியில், மார்புக்கு நேரே, அப்படியே அந்தரத்தில் நின்றது. கையைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு அந்தப் பிடியை நிதானமாக வாயில் போட்டு, தன் வயிற்றை ஒரு தட்டு தட்டி, வெடித்துச் சிரித்தார். அதற்காகவே காத்திருந்தது போல மொத்த அரங்கமும் சிரித்தது.

நியாயமாகச் சொன்னால் ஷொமே யாரையும் விடவில்லை. பிரெஞ்சு மாஃபியா தலைவன் குள்ளம், அவனும் அவன் ஆட்களும் சிவந்த மூக்கர்கள். ஹோட்டல் வெயிட்டர் வளைந்து பணிவு காட்டுவதில் முதுகெலும்பே காணாமல் போய்விடும். சைக்கிள் வீரர்கள் குதிரை மாதிரி கனைக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரு குட்டு.

அந்த மூன்று சகோதரிகள் இப்போது கிழவிகளாகி பெல்விலில் ஒண்டுக்குடித்தனம். சாப்பாடு தவளை. ஒருத்தி சதுப்புக் குட்டைக்குப் போய் வெடிகுண்டை வீசுகிறாள், தவளை மழையாகக் கொட்டுகிறது. நாங்கள் சைவம். அம்மா, "கருமம், கருமம்" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "முடிஞ்சுதா?" என்று பத்து விநாடிக்கு ஒருதரம் விசாரித்தார். முடியவில்லை, அடுத்து தவளை சூப். அதுவரை நெளிந்துகொண்டிருந்த முன் வரிசைப் பையனுக்கு உயிர் வந்தது. சீட் மேல் ஏறி நின்று, "இன்னொரு தடவை!" என்று கத்தினான். அவன் அம்மா கண் பொத்துவதைக் கைவிட்டு நெடுநேரம் ஆகியிருந்தது.

அம்மாவும் வாய் மூடிய இடம் ஒன்று உண்டு. கிழவிகள் மூவரும் ஃபிரிட்ஜ் தட்டு, செய்தித்தாள், வேக்குவம் கிளீனர் ஆகியவற்றை வாத்தியமாக வைத்துக் கச்சேரி செய்ய, மதாம் சூசா சைக்கிள் சக்கரத்தைத் தட்டிச் சேர்ந்துகொள்வார். இசை பெனுவா ஷாரே. அம்மாவின் விரல்கள் சீட் கைப்பிடியில் தாளம் போட்டன. முடிந்ததும், "அந்த நியூஸ்பேப்பர்க்காரி அசல் வித்வான்" என்று ஒரே வரித் தீர்ப்பு.

பேரனை சைக்கிள் மிதிக்க வைத்துச் சூதாட்டம் நடத்திய அந்த மாஃபியாவிடமிருந்து அவனை மீட்டார்கள், கார்கள் துரத்தின, கடைசிக் காரை மதாம் சூசா தன் கனத்த ஷூவை நீட்டியே கவிழ்த்தார். அப்போது, துரத்தும் காரில் எத்தனை பேர் என்று அம்மா கேட்க, நான் சொல்ல, அதைச் சால்வைப் பாட்டி கேட்க, அவருக்கும் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தப் படத்தில் வசனம் என்று சொல்லத்தக்கது, படம் முடிந்ததா என்று ஆரம்பத்தில் பாட்டி கேட்கும் கேள்வியும், கடைசியில் வயதாகிப்போன பேரன் தரும் பதிலும்தான். எங்கள் பேச்சு கொஞ்சம் நீண்டதில், அந்தப் பதில் வந்து போய்விட்டது.

"என்னடா சொன்னான்?" என்றார் அம்மா. அந்தப் பக்கத்திலிருந்து சால்வைப் பாட்டியும் அதையே கேட்டார்.

மனைவிதான் கவனித்திருந்தாள். "முடிஞ்சுடுச்சு பாட்டின்னு சொன்னான், அத்தை."

"சரி, அப்போ எழுந்திரு."

எழுந்திருக்க முடியவில்லை. குளிருக்கென்று வாங்கிக்கொடுத்த ஸ்னீக்கரை அம்மா பாதிப் படத்திலேயே கழற்றிவிட்டிருந்தார். சரிவான தரை, ஒரு ஷூ எங்கோ முன்னால் உருண்டு போய்விட்டது. நானும் சால்வைப் பாட்டியும் கவிழ்ந்த பாப்கார்னுக்கு நடுவே குனிந்து தேடிக்கொண்டிருந்தோம். எழுத்துகள் எல்லாம் ஓடி முடிந்தன, கூட்டம் போய்விட்டது. திடீரென்று திரையில் இன்னொரு காட்சி. அந்தப் பெடல் படகுக்காரர் இன்னும் கடற்கரையில் காத்துக்கொண்டிருக்கிறார்!

"பார்த்தியா! நான் அப்பவே கேட்டேன்" என்று ஒற்றை ஷூவோடு எழுந்து நின்றார் அம்மா.

வெளியே வராந்தாவில் முன் வரிசை அப்பா கவுன்டர் பையனிடம் பணத்தைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். பையன் மூன்று நிபந்தனைகளையும் மறுபடி ஒப்பித்தான். குழந்தைகள் தவளை மாதிரி தாவிக்கொண்டிருந்தன. மஞ்சள் ஜெர்சி தன் மனைவியிடம், "வேக்குவம் கிளீனர் நல்ல யோசனை" என்று ஆரம்பித்து, அவர் முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

அந்த மாதக் கடைசியில் ஆஸ்கர் பட்டியல் வந்தது. சிறந்த அனிமேஷன் படம், சிறந்த பாடல் என இரண்டு பிரிவுகளில் பெல்வில் இருந்தது. அனிமேஷன் விருது 'ஃபைண்டிங் நீமோ'வுக்குப் போனது. நீமோ அமெரிக்காவில் வசூலித்தது 33 கோடி டாலருக்கு மேல், நம்ம பாட்டி சம்பாதித்தது 70 லட்சம் டாலர் அளவில். பாடல் விருதும் கிடைக்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "அந்த மீன் பேசிச்சுல்ல? அதான்" என்றார்.

படம் பார்த்த வார ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு போன் செய்யும் முறை. காலிங் கார்டு நம்பரை அமுக்கிப் பெரியம்மாவைப் பிடித்துக் கொடுத்தேன். அம்மா உடல்நலம் விசாரித்த கையோடு கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். மதாம் சூசாவுக்கு நல்ல நீளமான வசனங்கள் வந்தன. "அந்தம்மா சொல்றா, டேய், ஒரு வாய் சாப்பிட்டுட்டு மிதிடான்னு... இவன் சொல்றான், வேண்டாம் பாட்டி, பந்தயம் முடியட்டும்..." நாயும் இரண்டு இடத்தில் பேசியது. படகு வாடகை பேரம் தனிக் காட்சியாக நடந்து, பாதி விலைக்கு முடிந்தது. பெரியம்மா "அப்புறம், அப்புறம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு நிமிஷம்தான் பாக்கி இருக்கிறது என்று கார்டில் இருந்த பெண் குரல் இங்கிலீஷில் குறுக்கிட்டது. அம்மா ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து, என்னை முறைத்தார்.

"என்னடா சொல்றா இவ? நான் இன்னும் அமெரிக்காவுக்கே வந்து சேரல."