ஆர் மொழிக்குள் ஜாவாவை எழுப்பிய அனுபவம்

ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலை ஒன்றில், மரவள்ளிக் கிழங்கு லோடுகளின் எடையையும் பாயிண்டையும் வைத்து விவசாயிக்குச் சேர வேண்டிய தொகையைக் கணக்கிடும் நிரல், பல ஆண்டுகளாக ஜாவா (Java) என்ற நிரல்மொழியில் ஓடிவருகிறது. பாயிண்ட் என்பது கிழங்கின் மாவுச்சத்து அளவு. சேலம் பகுதியில் கிழங்கு விலை அதை வைத்துத்தான் பேசப்படுகிறது. பருவவாரியான ஆய்வை ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியில் செய்யும் பொறுப்பு எனக்கு வந்தபோது, அந்த நிரலை மறுபடி எழுதாமல், ஆருக்குள்ளேயே ஜாவாவை இயக்க முடிவு செய்தேன். ஒரே கணக்கு இரண்டு இடங்களில் இருந்தால், என்றாவது இரண்டும் வேறு வேறு தொகை சொல்லும். அப்போது நஷ்டப்படுபவர் கிழங்கு கொண்டுவந்தவராகவும் இருக்கலாம்.

சைமன் உர்பானெக் உருவாக்கிய ஆர்ஜாவா (rJava) தொகுப்பு, ஜாவா நிரல்களை இயக்கும் ஜாவா இயந்திரத்தை, ஆர் ஓடும் அதே செயல்முறைக்குள் ஜேஎன்ஐ (ஜாவாவைப் பிற மொழி நிரல்களோடு இணைக்கும் இடைமுகம்) வழியாக எழுப்புகிறது. உபுண்டு இயங்குதளத்தில் ஜாவா இருக்கும் இடம் ஆருக்குத் தெரியாததால் நிறுவுவதற்கே அரை நாள் ஆயிற்று. அந்த இடத்தை ஆருக்குச் சொல்லும் ஜாவாரீகான்ஃப் (javareconf) கட்டளையை ஓட்டியதும் அது தீர்ந்தது. அடுத்து, நினைவகம் போதவில்லை என்ற பிழை வந்தது. ஹீப் (ஜாவா இயந்திரம் பயன்படுத்தும் நினைவகம்) அளவை மூன்று முறை உயர்த்தியும் பலனில்லை. ஏனென்றால் இயந்திரம் எழும்போது கொடுத்த அளவே கடைசிவரை நிற்கும். ஆர் அமர்வை மூடித் திறந்து, தொகுப்பை ஏற்றும் முன்பே 4 ஜிபி என்று குறித்த பிறகுதான் வேலை நகர்ந்தது.

உண்மையான ஆபத்து பிழையே காட்டாமல் வந்தது. சோதனைக்கு மூன்று லோடுகள் கொடுத்தேன்: 9,240 கிலோ, எடை பதியாத ஒன்று, 8,760 கிலோ. மொத்தம் -214,74,65,648 என்று வந்தது. ஆர் தன் முழு எண்களில் விடுபட்ட மதிப்பை, 32 பிட்டில் அடங்கும் மிகச் சிறிய எண்ணான -214,74,83,648 ஆகவே வைத்திருக்கிறது. ஆருக்கு அது ‘தெரியாது’ என்பதன் குறி. ஆரைத் தாண்டிப் போனதும் ஜாவாவுக்கு அது வெறும் எண், ஆகவே கூட்டிவிட்டது. பாயிண்ட் தசம எண் என்பதால் விடுபட்ட மதிப்பு என்ஏஎன் (NaN, ‘எண் அல்ல’ என்ற குறி) ஆகச் சென்று, விடையையும் என்ஏஎன் ஆக்கித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. முழு எண்ணில் அந்தக் காவல் இல்லை. நல்லவேளையாக மூன்றே லோடுகளில் சோதித்தேன்.

இப்போது எடைகளோடு, எவை விடுபட்டவை என்று சொல்லும் மெய்-பொய் வரிசை ஒன்றையும் ஜாவாவுக்கு அனுப்புகிறேன். அங்கே குறியிட்ட லோடுகளைத் தவிர்த்துவிட்டு, எத்தனை தவிர்க்கப்பட்டன என்பதையும் திருப்பித் தரச் செய்திருக்கிறேன். அதே மூன்று லோடுகளுக்கு 18,000 கிலோ, விடுபட்டது 1 என்று வந்தது.