மழைக்காலத்துக்கு வீடு வரும் படகு

கனடாவில், ஹாமில்டனில் இருந்த ஏழு வருடமும் அக்டோபரில் ஒரு சனி ஞாயிறு முழுக்கப் படகுக்குத்தான். ஒன்டாரியோ ஏரியிலிருந்து டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, பாய்மரத்தைக் கழற்றி, கராஜுக்குள் தள்ளி, காற்றுகூடப் புகாதபடி பிளாஸ்டிக் விரிப்பால் மூடிக் கட்டிவிடுவேன். அங்கே பயம் ஒன்றுக்குத்தான்: உறைபனி. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கிறது. பலகை இடுக்கில் கொஞ்சம் தண்ணீர் தங்கினாலும் பிளந்துவிடும். எஞ்சின் உள்ள பெரிய படகுக்காரர்கள் குழாய்களுக்குள் இளஞ்சிவப்பு நிறத்தில் உறைதடுப்புத் திரவம் ஊற்றுவார்கள். என்னுடையது எஞ்சின் இல்லாத சின்னப் படகு. துடைத்து, காயவிட்டு, மூடினால் வேலை முடிந்தது. ஏப்ரலில் திறக்கும்போது வைத்தது வைத்தபடி இருக்கும்.

மனைவியின் வேலைக்காக 2023-ல் கொழும்பு வந்தோம். நான் தூத்துக்குடிக்காரன். எங்கள் ஊருக்கும் கொழும்புக்கும் பல தலைமுறையாகத் தோணி ஓடியிருக்கிறது. அதே வெயில், அதே உப்புக்காற்று, அதே தமிழ். புதிதாகக் கற்க என்ன இருக்கப்போகிறது என்றுதான் நினைத்தேன். தமிழே முதலில் திருத்தியது. இங்கே பேசுவதில்லை, கதைக்கிறார்கள். உபயோகிப்பதில்லை, பாவிக்கிறார்கள். படகு என்றால் வள்ளம். அடுத்தது மழை. தூத்துக்குடியில் தென்மேற்குப் பருவக்காற்று என்றால் புழுதிதான், மழை ஐப்பசி கார்த்திகையில்தான். கொழும்பில் வருடத்துக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் பெய்கிறது. எங்கள் ஊரைவிட மூன்று மடங்குக்கும் மேல். மே மாதம் தொடங்கினால் சுவரே வியர்க்கிறது. அலமாரியில் வைத்த தோல் செருப்பில் பச்சை படர்ந்ததைப் பார்த்த அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

தெஹிவளையில் கடற்கரைப் பக்கமாக ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்தோம். மேலே வீட்டுக்கார அன்ரி தனியாக இருக்கிறார். சொந்த ஊர் யாழ்ப்பாணப் பக்கத்து வல்வெட்டித்துறை. படகு வாங்கப்போகிறேன், மழைக்காலத்தில் போர்ச்சுக்குள் வைக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். கார் நிறுத்தும் இடம், அவருடைய துணிக்கொடி வேறு அங்கேதான் இருக்கிறது. அவர் வாடகையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "எங்கட ஊரில கட்டின கப்பல் அமெரிக்கா வரைக்கும் போனது தெரியுமோ தம்பி?" என்று தொடங்கினார். அன்னபூரணி. 1930-ல் வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல். ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்க, ஊர் மாலுமிகளோடு புறப்பட்டு 1938-ல் மாசச்சூசெட்ஸின் குளொஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது. அன்ரி பிறப்பதற்கு முந்தைய கதை. அவருடைய தகப்பனார் சொல்லிச் சொல்லிக் கேட்டது. அரை மணி நேரம் சொன்னார். போர்ச் எனக்குக் கிடைத்தது.

படகு கொழும்புக்குத் தெற்கே பொல்கொட ஏரிக்கரையில் கிடைத்தது. ஜிபி14 என்ற சின்னப் பாய்ப்படகு வகை, மரப்பலகையில் செய்தது. ஜாக் ஹோல்ட் என்ற ஆங்கிலேயர் 1949-ல் வடிவமைத்த வகை, இலங்கையில் நன்றாகப் புழங்குகிறது. பாயில் மணி படம் போட்டிருக்கும், தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். நீளம் 4.27 மீட்டர், அகலம் 1.54 மீட்டர், உடல் எடை ஏறத்தாழ 133 கிலோ. சாதாரண காரே இழுத்துவிடும். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை நானும் மகளும் வாரம் தவறாமல் போனோம். மே தொடங்கியதும் திடீர் காற்றும் கொட்டுமழையும் வந்துவிடும். அனுபவசாலிகள் அந்தக் காற்றிலும் ஏரியில் ஓட்டுகிறார்கள். பதினொரு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் போகமாட்டேன். ஏரியும் மழைக்கு ஏறி, படகு வைத்திருந்த கரை முழுகிவிடும். ஆக, மே முதல் செப்டம்பர் வரை படகு வீட்டில் இருந்தாக வேண்டும்.

முதல் வருடம் ஹாமில்டனில் செய்ததை அப்படியே செய்தேன். கழுவி, துடைத்து, தடித்த பிளாஸ்டிக் விரிப்பால் சுற்றி, ஓரங்களை டேப் போட்டு ஒட்டினேன். அன்ரி மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, இப்பிடி இறுக்கி மூடினால் உள்ளுக்கை வேர்க்குமெல்லோ?" என்றார். மழை உள்ளே போகக்கூடாது அன்ரி என்றேன். செப்டம்பரில் டேப்பைக் கிழித்தபோது வந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. பாய் முழுக்கக் கறுப்புப் புள்ளி. வார்னிஷ் கொப்பளித்து உரிந்திருந்தது. டிரெய்லருக்கு முட்டுக் கொடுத்திருந்த மரக்கட்டை வழியாகக் கறையான் மண்குழாய் கட்டிக்கொண்டு அடிப்பலகைக்கு இரண்டு விரல்கடை தூரத்தில் நின்றது. மகள் ஒன்றும் பேசாமல் பாயை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை.

மொரட்டுவையிலிருந்து ஒரு தச்சு பாஸை (இங்கே மேஸ்திரியை அப்படித்தான் சொல்கிறார்கள்) கூட்டிவந்தேன். தளபாட வேலைக்கு மொரட்டுவைதான் என்று ஊரே சொல்லும். அவருக்குத் தமிழ் கொஞ்சம், எனக்குச் சிங்களம் அதைவிடக் கொஞ்சம். அவர் எதையும் கேட்காமல் திருப்புளியைத் தலைகீழாகப் பிடித்து, பிடியால் பலகையைத் தட்டிக்கொண்டே முன்னாலிருந்து பின்னால் போனார். டக், டக், டக் என்று கெட்டியான சத்தம். பின்பலகையின் கீழ்மூலைக்கு வந்ததும் சத்தம் மாறியது. பூசணிக்காயைத் தட்டுவதுபோல் மந்தமாக. திருப்புளியைத் திருப்பி நுனியால் லேசாக அழுத்தினார். நனைந்த பிஸ்கட்டில் இறங்குவதுபோல் இறங்கியது. என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். பிறகு மிதவை அறையின் (படகு மூழ்காமல் இருக்க உள்ளே காற்று அடைபட்டிருக்கும் பெட்டி) வட்ட மூடியைத் திறந்து, உள்ளங்கையை உள்ளே காட்டி, "ஹுளங் ஓன, மஹத்தயா. ஹுளங்" என்றார். காற்று வேண்டும், காற்று.

மரத்தில் ஈரம் ஏறத்தாழ 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சை வளராது. பனிநாட்டில் குளிரே பூஞ்சையைத் தடுத்துவிடும், அதனால் மூடினால் தப்பு தெரிவதில்லை. இங்கே வெப்பமும் ஈரமும் சேர்ந்திருக்க, மூடிய விரிப்புக்குள் மாட்டிய ஈரத்துக்குப் போக வழியில்லை. குளிர்நாட்டில் கற்றது பொய்யில்லை. அது குளிர்நாட்டுக்கானது.

இந்த வருடத்துத் திட்டத்தை மார்ச்சிலேயே தொடங்கினேன். டேப் எடுத்து அளந்தால் போர்ச் பதினேழு அடி. படகு பதினான்கு, ஆனால் டிரெய்லரின் இழுவைக்கம்பி முன்னால் நீட்டிக்கொண்டு கேட்டில் இடிக்கும். முதல் வருடம் கோணலாக வைத்துச் சமாளித்தேன், சுவர்ப்பக்கம் கை நுழையாது. இப்போது முன்பக்கத்தை முதலில் உள்ளே விட்டு, இழுவைக்கம்பி மாடிப்படிக்குக் கீழே இருக்கும் வெற்றிடத்துக்குள் போகும்படி திருப்பிவிட்டோம். இருபக்கமும் ஓர் ஆள் நடக்க இடம் இருக்கிறது. இடம் பிடிப்பதைவிட இந்த நடைபாதைதான் முக்கியம் என்பேன். சுற்றிவந்து பார்க்க முடியாத படகை யாரும் பார்க்கமாட்டார்கள்.

மரக்கட்டை முட்டுக்குப் பதில் சிமெந்துக்கல். சக்கரம் தரையைவிட்டு ஒரு விரல் உயரம் தூக்கியிருக்கும், டயர் ஒரே இடத்தில் அமுங்கிக் கிடக்காது. அதற்குமுன் பேரிங்குக்குப் புது கிரீஸ். முன்பக்கம் கொஞ்சம் உயரம், பின்னால் தண்ணீர் வடியும் துளையின் தக்கை கழற்றியிருக்கும், எந்தத் தண்ணீரும் நிற்காமல் வழிந்துவிடும். மிதவை அறை மூடிகள் எல்லாம் திறந்தே இருக்கும். எலி புகாமல் வாயில் கொசுவலைத் துணி, அதற்குமேல் கம்பிவலை. கம்பிவலையும் கயிறும் பழைய சோனகத் தெருவில் வாங்கினேன். அந்தத் தெருவில் ஒரு சுற்று வந்தால் வீட்டுக்கும் படகுக்கும் வேண்டிய ஆணி, திருகு, சங்கிலி எல்லாம் கிடைத்துவிடும்.

விரிப்பு பிளாஸ்டிக் இல்லை, கன்வாஸ். அதுவும் படகின்மேல் படாது. நடுவில் ஒரு நீளக்கம்பைக் கட்டி, ஓலைக் கூரைபோல் இரண்டு பக்கமும் சரித்து, ஓரத்தை ஒரு முழம் தூக்கிவிட்டிருக்கிறேன். சாரல் வழிந்துபோகும், காற்று கீழே நுழைந்து மேலே வெளியேறும்.

பாய்மரம் படகைவிட நீளம். அதைப் பக்கச்சுவரில் இறவாரத்துக்குக் கீழே, தொய்யாமல் மூன்று இடத்தில் கயிற்றுத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டோம். துவாரங்களில் வலை அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் குளவி மண்கூடு கட்டி உள்ளே ஓடும் கயிற்றைச் சிக்கவைத்துவிடும். பொல்கொட நீர் உவர்நீர். அதனால் பாய், கயிறு, கொக்கி எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து அலசி, வெயில் படாத காற்றில் உலர்த்தினோம். பாயை மடிக்கவில்லை, பிவிசி குழாயில் சுற்றி என் அறை அலமாரிக்குமேல் வைத்தேன். போர்ச்சில் அதற்கு இடமே இல்லை.

திருகோணமலைக்கு இழுத்துக்கொண்டு போனால் என்ன என்றும் யோசித்தேன். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் கிழக்குக் கரைக்குப் போய் வாடி (தற்காலிகக் குடிசை) அடித்துத் தொழில் செய்கிறார்கள். இந்தத் தீவின் படகுக்கு அதுதான் சரியான வழி. மகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. வருகிற ஆகஸ்ட் விடுமுறையில் பார்க்கலாம்.

மழை தொடங்கியதும் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீடு வீடாக டெங்குச் சோதனைக்கு வருவார். முதல் வருடம் என் விரிப்பின் மடிப்பில் ஒரு கைப்பிடித் தண்ணீர், அதில் நெளியும் புழுக்கள். அவர் காட்டியபோது எனக்குக் கை நடுங்கியது, மேலே வயதான மனுஷி இருக்கிறார். முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம், பத்து நாள்தான். அதனால் ஞாயிறுதோறும் காலையில் டார்ச் எடுத்துக்கொண்டு ஒரு சுற்று: விரிப்பின் மடிப்பு, டிரெய்லரின் குழல், கயிற்றுக்குக் கீழே உள்ள வாளி, சிமெந்துக்கல் வழியாக ஏறும் மண்குழாய். கடைசியாக மிதவை அறைக்குள் கையை விட்டுப் பார்ப்பேன். மகளும் கையை விடுவாள். "காய்ஞ்சிருக்கு அப்பா" என்று அவள் சொன்னால் அந்த வாரம் சரி.

போன ஞாயிறு அன்ரியும் இறங்கி வந்தார். கழற்றிய தக்கையை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டார். கருவிப்பெட்டியில் என்றேன். "அதை மறந்துபோட்டு ஏரியிலை இறக்கினியள் எண்டால்?" என்று கையை நீட்டினார். கொடுத்தேன். நூலில் கோத்து, படிக்கட்டுச் சுவரில் கேட் சாவி தொங்கும் ஆணியில் மாட்டினார். படகை வெளியே எடுக்க வேண்டுமென்றால் முதலில் அந்தச் சாவியைத்தான் எடுத்தாக வேண்டும்.